தாய்மொழி பேசினால் எழுந்து நிற்க வேண்டும்

எங்கள் இங்கிலீஷ் மிஸ் அன்று காலை ஒரு தீயணைப்பு நிலையத்தைக் கொளுத்திவிட்டு எங்கள் முகங்களை ஆவலோடு பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் உச்சுக்கொட்டினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பியூட்டி பார்லர் பெண் "ஷார்ட் சர்க்யூட்" என்று தீர்ப்பு வழங்கினாள்.

மிஸ் விடவில்லை. நெருப்பை அணைக்க வேண்டிய இடமே நெருப்புப் பிடித்து எரிகிறது, நாம் எதிர்பார்ப்பது ஒன்று, நடப்பது அதற்கு நேரெதிர், இதற்குப் பெயர்தான் சிச்சுவேஷனல் ஐரனி என்று போர்டில் எழுதி அடியில் கோடும் போட்டார். பெரியவர்கள் வந்து பேச்சு ஆங்கிலம் படிக்கிற வகுப்பில் இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். எங்களுக்கு வேண்டியது "மே ஐ ஹெல்ப் யூ" அளவுக்குத்தான். ஆனால் மிஸ்ஸுக்கு ஐரனி பிடிக்கும். தனக்குப் பாயசம் பிடிக்கும் என்பதற்காகப் பந்தியில் எல்லோர் இலையிலும் ஊற்றிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, மிஸ் அந்த ரகம்.

சொந்த உதாரணம் சொல்லச் சொன்னார். நான் கையைத் தூக்கி, குடை எடுத்துப்போன அன்றைக்கு மழையே வரவில்லை என்றேன். அது பெங்களூரு, ஐரனி இல்லை என்றார். அவசர அவசரமாக ஓடினேன், பஸ் லேட்டாக வந்தது என்றார் ஒருவர். அது தினமும் நடப்பது, அதுவும் சேராது. கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போட்டு முடித்த கையோடு மாப்பிள்ளை ஓடிப்போன கதையைப் பார்லர் பெண் சொன்னாள். மிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது வெறும் சோகம் என்று ஒதுக்கிவிட்டார். மணி அடிக்கும்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் எதெது ஐரனி இல்லை என்பதுதான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு விஷயம் புரியவில்லை என்றால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை எல்லாம் அப்புறம்.

வகுப்பு பிரேசர் டவுனில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், சனி ஞாயிறு காலைகளில் நடந்தது. கீழே பன் வேகும் வாசனை ஜன்னல் வழியாக ஏறி வருகிற நேரம் பார்த்துத்தான் மிஸ் இறந்தகாலத்தை ஆரம்பிப்பார். மிஸ் என்னைவிட வயதில் சின்னவர். பல தலைமுறையாக அந்தப் பேட்டையிலேயே இருக்கும் தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ் என்று மூன்றையும் மூன்று அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்.

நான் திருப்பத்தூர்க்காரி. கல்யாணமாகி ஆஸ்டின் டவுனுக்கு வந்தவள். பெங்களூருக்கு வந்தேன் என்றுதான் பெயர். வீட்டு ஓனர் தமிழ், மளிகைக்கடை தமிழ், மாவு அரைக்கிற இடம் தமிழ். வேலை கிடைத்த ஆஸ்பத்திரியிலும் என்னைத் தரைக்குக் கீழே ரெக்கார்ட் ரூமில் போட்டார்கள். அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் அரக்கோணத்துக்காரர். பஸ்ஸில் கண்டக்டர் சொல்லும் "சொல்ப முந்தே ஹோகி", அதாவது கொஞ்சம் முன்னே போங்க, இதற்குமேல் கன்னடம் எனக்குத் தேவைப்படவே இல்லை. இங்கிலீஷும் அப்படித்தான். பழைய ஃபைல்கள் யாரோடும் பேசுவதில்லை.

பிறகு ஒரு நாள் அந்த ஃபைல்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்துவிட்டோம், ரூமை மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். அங்கே இருந்தவர்களுக்கு இரண்டு வழி. மேலே ரிசப்ஷன் கவுண்டருக்கு இன்டர்வியூ வைப்பார்கள், அதில் தேறினால் இங்கேயே இருக்கலாம். தேறாவிட்டால் ஓசூர்க் கிளைக்குப் போக வேண்டும். கவுண்டருக்குச் சரளமான ஆங்கிலம் அவசியம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

என் கணவருக்குப் பீன்யாவில் வேலை. பம்புக்கு உதிரிபாகம் கடையும் பட்டறை. விடிவதற்குள் கிளம்பி, மெட்ரோவில் மெஜஸ்டிக்கில் மாறிப் போய்ச் சேருவார். ஓசூர் ஊரின் ஒரு கோடிக்கும் அப்பால், பீன்யா மறுகோடி. நான் ஓசூருக்குப் போனால் அங்கேயே தங்க வேண்டும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அப்போதுதான் கட்டில் வாங்கியிருந்தோம். அவர் குளிக்கும்போது என்ன பாட்டை முணுமுணுக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட ஆரம்பித்திருந்தது. வாரத்தில் ஒரு நாள் பார்த்துக்கொள்கிற புருஷன் பெண்டாட்டியாக ஆகிவிடுவோமே என்று எனக்குப் பயமாக இருந்தது.

அவரிடம் சொன்னால், சாப்பிட்டுக்கொண்டே "பாத்துக்கலாம்" என்றார். ராத்திரி கேட்டாலும் பாத்துக்கலாம், காலையில் கேட்டாலும் பாத்துக்கலாம்.

"என்னத்தைப் பாத்துக்குவீங்க? நான் ஓசூர் போயிட்டா உங்களுக்கு நிம்மதியா?"

"சாம்பார் நல்லா இருக்கு" என்றார்.

அந்த ஆத்திரத்தில்தான் இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்தேன்.

சேர்ந்த பிறகுதான் இங்கிலீஷின் பிடிவாதம் தெரிந்தது. "அவர் டாக்டர்" என்று தமிழில் சொன்னால் விஷயம் முடிந்தது. இங்கிலீஷில் நடுவே ஒரு "இஸ்" போடாவிட்டால் அவர் எத்தனை வருஷம் படித்திருந்தாலும் டாக்டராக முடியாது. அந்த "த" இன்னும் மோசம். சூரியனுக்கு "த" உண்டு, சந்திரனுக்கு உண்டு, எனக்குக் கிடையாது. "வை மிஸ்?" என்று கேட்டேன். "ஏனென்றால் நீ ஒருத்திதான் இருக்கிறாய் என்று ஏற்கனவே தெரியும்" என்றார். சூரியன் மட்டும் நிறைய இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்பதற்கு இங்கிலீஷ் வரவில்லை.

தமிழில் கேட்டிருக்கலாம். ஆனால் மிஸ் ஒரு சட்டம் போட்டிருந்தார். வகுப்புக்குள் யாரும் தாய்மொழி பேசக் கூடாது. பேசினால் எழுந்து போர்டுக்குப் பக்கத்தில் நின்று, நேற்று என்ன செய்தேன் என்பதை இறந்தகாலத்தில், நிறுத்தாமல், எல்லோருக்கும் சொல்ல வேண்டும். என் முதல் வாரமே நான் ஐயையோ என்று சொல்லி மாட்டினேன். முந்தின நாள் நான் செய்ததெல்லாம் துணி துவைத்ததும் புருஷனோடு சண்டை போட்டதும்தான். இரண்டுக்கும் எனக்கு இறந்தகாலம் தெரியாது. "யெஸ்டர்டே ஐ... ஸ்லீப்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நாள் முழுக்கத் தூங்கினவள் என்று பெயரும் வாங்கினேன்.

சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தவள் பார்லர் பெண். ஹாசன் பக்கத்துக்காரி, கன்னடத்துப் பெண். அவளுக்குப் பக்கத்து வீடு தமிழ் என்பதால் பிய்த்துப் பிய்த்துத் தமிழ் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காதருகே குனிந்து, "நீ நேத்து யாக்கே வரலை? நானு ஒண்ட்டியா உக்காந்துட்டு இருந்தேன்" என்று, ஏனுக்கு யாக்கேயும் தனியாவுக்கு ஒண்ட்டியாவும் போட்டுத் தமிழில் குறைபட்டாள். மிஸ்ஸின் காதில் விழுந்துவிட்டது. எழுந்திரு என்று விரலைக் காட்டினார்.

அவள் எழுந்திருக்கவில்லை. "மிஸ், மை மதர் டங் கன்னடா. திஸ் இஸ் தமிழ். ஐ நோ ஸ்டாண்ட்."

வகுப்பே மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தது. மிஸ் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சட்டம் அவர் போட்ட சட்டம், அவர் வாயால் சொன்ன வார்த்தைகள். அதோடு, "திஸ்"ஸுக்குப் பக்கத்தில் "இஸ்" சரியாக வந்து விழுந்திருந்தது. எத்தனை வாரமாக அவர் அதற்காகத் தொண்டை கிழியக் கத்தியிருந்தார். கடைசியில் சிரித்துவிட்டார். "கரெக்ட். சிட்" என்றார்.

அன்றோடு எங்கள் வகுப்பு வேறு வகுப்பாகிவிட்டது. தமிழர்கள் எல்லோரும் கன்னடத்துக்குத் தாவினோம். கன்னடக்காரர்கள் தமிழுக்கு வந்தார்கள். வீட்டில் உருது பேசும் டெய்லர் ஒருவர் இருந்தார். அவருக்கு இரண்டுமே வரும் என்பதால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கால் வைக்கலாம், அவரைப் பார்த்து எங்களுக்குப் பொறாமையாக இருக்கும். இங்கிலீஷ் மட்டும் போர்டில் தனியாக நின்றது.

எனக்குக் கன்னடம் வராதே என்றால், வந்தே ஆக வேண்டிய நிலைமை. பார்லர் பெண்ணிடம் அப்படிப்பட்ட கதைகள் இருந்தன. எந்த வீட்டு மாமியார் மருமகளுக்குத் தெரியாமல் ஃபேஷியல் செய்துகொள்கிறார், எந்த டீச்சர் முடிக்குச் சாயம் போட்டதை மறைக்க ஒரு வாரம் லீவு எடுத்தார் என்று வாரத்துக்கு வாரம் புதிதாகக் கொண்டுவருவாள். தன் அரைகுறைத் தமிழில் அதைச் சொல்லிப் பாதியில் நிறுத்துவாள். மீதி எனக்கு வேண்டுமென்றால் நான் கன்னடத்தில் கேள்வி கேட்க வேண்டும். கேட்டேன். தப்பும் தவறுமாகக் கேட்டேன். வம்பு கேட்கும் ஆசைக்கு முன்னால் இலக்கணம் என்ன செய்யும். ஆமே என்றால் அப்புறம், ஹௌதா என்றால் அப்படியா, இந்த இரண்டை வைத்தே முதல் மாதத்தை ஓட்டினேன்.

கன்னடம் எனக்குப் பார்லர் வழியாகவே வந்தது. கதையில் வரும் கஸ்டமரிடம் தான் பேசியதை எல்லாம் அவள் நடித்தே காட்டுவாள். கூத்கொள்ளி மேடம், உட்காருங்க. கண்ணு முச்சி, கண்ணை மூடுங்க. நோவாகுத்தா, வலிக்குதா. ஹெதர்கோபேடி, பயப்படாதீங்க. இன்னொந்து நிமிஷா, ஆய்த்து ஆய்த்து, இன்னும் ஒரே நிமிஷம், ஆச்சு ஆச்சு. நூலை இழுத்து இழுத்துப் புருவம் எடுக்கிறவள் பேசுகிற பேச்சு அது. அதே தொனி, அதே குழைவோடு எனக்குள் இறங்கிவிட்டது. குக்கர் விசில் அடித்தபோது அடுப்பைப் பார்த்து "ஆய்த்து ஆய்த்து" என்று நான் சமாதானம் சொன்னதைக் கேட்டு என் கணவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"இங்கிலீஷ் எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டார்.

"பாத்துக்கலாம்" என்றேன்.

இன்டர்வியூ நெருங்கியபோது மிஸ் வகுப்பு முடிந்தும் எனக்காக உட்கார்ந்தார், பார்லர் பெண்ணும் துணைக்கு இருந்தாள். உன்னைப் பற்றிச் சொல் என்ற கேள்விக்குப் பதிலை வாக்கியம் வாக்கியமாக எழுதிக் கொடுத்து, எந்த இடத்தில் மூச்சு விடுவது என்பதுவரை சொல்லித்தந்தார். "இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கட்டும்" என்று நான் வேண்டிக்கொண்டேன். "இங்கிலீஷ் கிளாஸ்லயே நீங்க ரெண்டு பேருந்தான் அதிகமாப் பேசறீங்க. அதுல இங்கிலீஷ்தான் இல்ல" என்று மிஸ் தன் சட்டத்தையே மறந்து தமிழில் சொன்னார். பார்லர் பெண் உடனே விரலைக் காட்டினாள். மிஸ் எழுந்து போர்டுக்குப் பக்கத்தில் நின்று, நேற்று என்ன செய்தேன் என்பதை ஒழுங்காக இறந்தகாலத்தில் சொல்லி முடித்தார். சர்ச்சுக்குப் போனாராம், மீன் வாங்கினாராம்.

இன்டர்வியூ அறையில் இரண்டு பேர். ஒருவர் ஹெச்.ஆர். மேடம், வடக்கிலிருந்து வந்தவர், இங்கிலீஷும் இந்தியும்தான். இன்னொருவர் ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்ப்பவர், நரைத்த மீசை, சிரிக்காத முகம். எனக்கு முன்னால் போன பெண்கள் எல்லாம் கண்ணாடிக் கதவுக்குள் இங்கிலீஷைத் தண்ணீர்போல் ஊற்றிவிட்டு வெளியே வந்ததைப் பார்த்துக்கொண்டே, மிஸ் எழுதிக் கொடுத்த தாளை மறுபடி மறுபடி படித்தேன்.

முதல் கேள்வி, உன்னைப் பற்றிச் சொல். சாமி கேட்டுவிட்டது. மிஸ் சொன்ன இடங்களில் எல்லாம் மூச்சு விட்டுப் பிரமாதமாகச் சொல்லி முடித்தேன். மேடம் தலையாட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு நோயாளி ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார், வலி, கோபத்தில் உன் கவுண்டருக்கு வந்து கத்துகிறார், நீ என்ன செய்வாய் என்று அடுத்ததைக் கேட்டார்.

இது தாளில் இல்லை. "ஐ வில்..." என்றேன். "ஃபர்ஸ்ட் ஐ வில்..." என்றேன். மேடம் பேனாவோடு காத்திருந்தார். வார்த்தை வரவில்லை. எத்தனையோ சனி ஞாயிறாக, இங்கிலீஷ் அறுந்துபோனால் தமிழுக்குப் போகாதே, போகாதே என்று பழகிய நாக்கு, அன்றைக்கும் தமிழுக்குப் போகவில்லை. தனக்குப் பழகிய இடத்துக்குப் போனது. "பன்னி சார், கூத்கொள்ளி. நோவாகுத்தா? ஹெதர்கோபேடி சார், நானு நோட்தீனி. டாக்டர் ஈக பர்தாரே, இன்னொந்து நிமிஷா. நீரு பேக்கா?" என்று, வாங்க, உட்காருங்க, நான் பார்க்கிறேன், டாக்டர் இப்போ வந்துடுவார் என்பதிலிருந்து தண்ணீர் வேண்டுமா என்பதுவரைக்கும், எதிரே இல்லாத நோயாளியிடம் குழைந்து குழைந்து பேசிக்கொண்டே போனேன்.

மேடத்தின் பேனா நின்றதைப் பார்த்துத்தான் நான் என்ன பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. ஓசூர் என்று மனம் சொன்னது. கட்டில், காலைப்பாட்டு, எல்லாம் போயிற்று. பதற்றத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். நின்றதோடு விடாமல், "நாட் மை மதர் டங், சார்" என்று வேறு தற்காப்பாகச் சொன்னேன்.

மீசைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கன்னடத்தில் கேட்டார். "நிம்ம ஊரு யாவுது?"

"திருப்பத்தூர், சார்."

"தமிழ்நாடா? கன்னட எல்லி கலித்ரி?" கன்னடம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்கிறார்.

பொய் சொல்ல எனக்கு எந்த மொழியும் மிச்சமில்லை. "இங்கிலீஷ் கிளாஸல்லி" என்றேன்.

அந்தச் சிரிக்காத முகம் சிரித்ததைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலில் மீசை அசைந்தது. பிறகு தோள். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மேடத்துக்கு இங்கிலீஷில் விளக்கினார், மேடமும் சேர்ந்துகொண்டார். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இங்கிலீஷில் வெளுத்துக் கட்டினார்களாம். மண்டியாவிலிருந்தும் கோலாரிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்து வலியோடு நிற்கிறவரிடம் கன்னடத்தில் ஒரு வார்த்தை பேச அவர்களில் ஒருவருக்கும் வரவில்லையாம். "இங்கிலீஷுக்கு வேற ஆள் இருக்காங்கம்மா. நீங்க கவுண்டர்ல உக்காருங்க" என்று, எனக்குப் புரிய வேண்டும் என்று தமிழிலேயே சொன்னார்.

படி இறங்கும்போது கால் தரையில் படவில்லை. பாதிப் படியில் நின்று தனியாகச் சிரிக்க ஆரம்பித்தேன். நான் இங்கிலீஷ் கிளாஸில் கன்னடம் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் கேட்கிற வேலை அந்தக் கன்னடத்தால் கிடைத்தது. என்னைப் பேச வைத்தது, பேசாதே என்ற சட்டம். மிஸ் மாதக்கணக்கில் கரடியாய்க் கத்தியும் ஏறாத ஐரனி, அந்தப் படிக்கட்டில் எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனவர் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனார்.

போனில் சொல்ல மனசில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதோடு அந்தப் பாத்துக்கலாமுக்குச் சேர்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். சாயங்காலம் ட்ரினிட்டி மெட்ரோ வாசலில் போய் நின்றுகொண்டேன். இவர் எண்ணெய்க்கறை படிந்த பையோடு படியில் இறங்கி வந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"என்னாச்சு?"

"கவுண்டர் வேலை கெடச்சிருச்சு. நான் எங்கயும் போகல."

அவர் அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். பிறகு என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. இவ்வளவுதானா என்று சண்டைக்குத் தயாரானேன். நாலு கடை தாண்டியதும் அவராகவே வாயைத் திறந்தார்.

"அப்ப ஓசூர் ஹாஸ்டல்ல வேணாம்னு சொல்லணும்."

"எந்த ஹாஸ்டல்?"

"லேடீஸ் ஹாஸ்டல். உனக்காகப் பாத்து வச்சிருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வகுப்புக்குக் கிளம்பியதும் இவர் மறுபடி படுத்துத் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் ஓசூருக்கு பஸ் ஏறி, அங்கே தெருத்தெருவாக அலைந்திருக்கிறார். தண்ணீர் வருகிறதா, ராத்திரி வாசலைப் பூட்டுகிறார்களா, ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரமா என்று ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கியிருக்கிறார்.

"ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று நடுரோட்டில் கத்தினேன்.

"சொன்னா நீ அழுவ. அப்புறம் எங்க படிப்ப?"

ஹாஸ்டல்கார அம்மாவுக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியுமாம். தமிழ்நாட்டுக்குள் போய், தமிழ் பேசுகிற இவர், அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கையாலேயே பேசி முடித்திருக்கிறார். கல்யாணமான பெண் என்பதற்கு எப்படிக் கை காட்டினார் என்று நடைபாதையிலேயே எனக்குச் செய்து காட்டினார். கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு, பிறகு தன்னையே சுட்டிக்காட்டி ஒரு கும்பிடு. எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. ஒரு இளநீர்க்கடை ஓரமாக நின்றுகொண்டு, வேண்டாம் என்பதை அந்த அம்மாவுக்குப் போனில் எப்படிக் கை காட்டுவது என்று இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம்.

"ரூம் எப்படி இருந்துச்சு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"சின்னதுதான். வெயில் அடிக்கும். கீழே பெரிய ரூம் ஒண்ணு காலியா இருந்துச்சு, நல்லாவும் இருந்துச்சு. நாந்தான் மாடில இருக்கறதே போதும்னுட்டேன்."

"ஏன்? பெருசை விட்டுட்டு?"

அவர் இளநீர்க்காரரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாடி ஜன்னல்லேருந்து பாத்தா பஸ் ஸ்டாண்டு தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு எறங்கும்போதே நீ பாத்துடலாம்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் தோளிலிருந்த என் பையை வாங்கிக்கொண்டு, அந்தக் கையைப் பிடித்தேன். வீடு வரும்வரை விடவில்லை.